இந்தி தெரிந்த சிஸ்டர் இன்று லீவு

கொங்கு மாவட்டங்களில் எந்தப் பெரிய அரசு மருத்துவமனைக்கும் ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பாருங்கள். ஓ.பி. சீட்டு வாங்க நிற்கும் வரிசையில் தமிழ் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பனியன் கம்பெனி, நூல் மில், ஃபவுண்டரி, கோழிப்பண்ணை, கட்டட வேலை என்று பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாமிலிருந்து வந்தவர்கள். சீட்டு போடுபவர் பெயர் கேட்பார், வயது கேட்பார், "என்ன பண்ணுது?" என்பார். பதிலுக்கு வயிற்றைத் தொட்டுக் காட்டுவார்கள். வயிற்றுவலியா, வயிற்றுப்போக்கா, நாள் தள்ளிப்போயிருக்கிறதா? விசாரிக்க நேரமில்லை. பின்னால் வரிசை வாசல்வரை நிற்கிறது. பொது மருத்துவம் என்று எழுதி அனுப்பிவிடுவார்.

கர்ப்பிணி ஒருத்தி பொது ஓ.பி.யில் மணிக்கணக்கில் நின்று, அங்கிருந்து மகப்பேறு ஓ.பி.க்கு அனுப்பப்பட்டு, அங்கே போனால் நேரம் முடிந்துவிட்டது என்று திரும்புவது இப்படித்தான் நடக்கிறது. அன்றைய கூலி போய்விட்டது. மறுநாளும் லீவு போட்டு வருவாளா? பெரும்பாலும் வரமாட்டாள். அடுத்த முறை அவளைப் பார்க்கும்போது வலி கண்டு, பனிக்குடம் உடைந்து, 108-ல் வந்து இறங்குவாள்.

ஸ்டாஃப் நர்ஸாக அரசுப் பணியில் சேர்ந்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். இந்தச் சிக்கலுக்கு நம் மருத்துவமனைகளில் உள்ள ஏற்பாடு என்னவென்று எனக்குத் தெரியும். "இந்தி தெரிந்த சிஸ்டரைக் கூப்பிடுங்க." அவ்வளவுதான் ஏற்பாடு. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படி ஒருவர் இருந்தார். கணவர் ராணுவத்தில் இருந்ததால் ஜபல்பூரில் குடியிருந்தவர். கேசுவால்டியிலிருந்து கூப்பிடுவார்கள், பிரசவ வார்டிலிருந்து கூப்பிடுவார்கள், எலும்பு முறிவு வார்டிலிருந்தும் கூப்பிடுவார்கள். தன் வார்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார். அதற்காக அவருக்கு ஒரு மணி நேரம்கூட வேலை குறைத்துக் கொடுத்ததில்லை. அவர் லீவு எடுத்த நாளில் மருத்துவமனைக்கே வாயடைத்துப்போகும்.

அவர் செய்தது பெரிய உபகாரம். ஆனால் ஒரு மருத்துவமனை ஒருவரின் உபகாரத்தில் நடக்கிறது என்றால் அதன் மேலிடம் தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். இரவில் ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துவிட்டால் "இன்னைக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்று எந்த நிலைய மருத்துவ அலுவலரும் (ஆர்.எம்.ஓ.) சொல்ல மாட்டார். யார் ட்யூட்டியில் இருந்தாலும் சிலிண்டர் இருக்க வேண்டும். நோயாளி சொல்வதைப் புரிந்துகொள்ளும் வழியும் அதுபோல இருபத்துநான்கு மணி நேரமும் இருந்தாக வேண்டிய ஒன்று. அதை வார்டில் நிற்கும் நர்ஸால் ஏற்பாடு செய்ய முடியாது. டீன், ஆர்.எம்.ஓ., கண்காணிப்பாளர், இணை இயக்குநர் என்று கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்கள்தான் செய்ய முடியும். மருத்துவமனைத் தலைமை என்று நான் சொல்வது இவர்களைத்தான்.

தலைமை கவனிக்காமல் விட்டால் அந்த இடம் காலியாகக் கிடக்காது. வேறு யாராவது வந்து உட்கார்ந்துகொள்வார்கள். பெரும்பாலும் காண்ட்ராக்டர்.

நள்ளிரவில் கை நசுங்கிய பையன் ஒருவனைக் கூட்டிவருகிறார்கள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். இரண்டு விரல்கள் சப்பையாகியிருக்கின்றன. உடன் வந்த காண்ட்ராக்டர் சரளமாகத் தமிழ் பேசுகிறார். "ரூம்ல வழுக்கி விழுந்துட்டான் சார்." வழுக்கி விழுந்தவனுக்கு விரல் அப்படி ஆகாது என்று வார்டில் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்குக்கூடத் தெரியும். ஆனால் பையனிடம் கேட்க யாருக்கும் அவன் மொழி தெரியாது. காண்ட்ராக்டர் சொன்னதை டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். ஏ.ஆர். காப்பியில் ஏறிய அந்த ஒரு வரிதான் பிறகு ஈ.எஸ்.ஐ.க்கும் போலீசுக்கும் இழப்பீட்டு வழக்குக்கும் ஆதாரம். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இலவச மருத்துவ வசதி செய்து தருவதை ஒப்பந்ததாரரின் கடமையாக 1979-லேயே சட்டம் வைத்தது. அந்தக் கடமையிலிருந்து தப்பிக்க நினைக்கும் ஆளையே நாம் மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்கிறோம்.

காண்ட்ராக்டர் இல்லாவிட்டால் குழந்தை. வெளிமாநிலத்துப் பிள்ளைகள் நம் பஞ்சாயத்துப் பள்ளிகளில் படிக்கிறார்கள். இரண்டு வருடத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே "இல்லீங்க", "வந்தாங்க" என்று பேசுகிறார்கள். கேட்க ஆசையாக இருக்கும். அந்தப் பிள்ளையைத்தான் பள்ளிக்கு லீவு போட வைத்து அம்மாவோடு மகளிர் ஓ.பி.க்கு அழைத்து வருகிறார்கள். அம்மாவுக்கு வெள்ளைப்படுதல், கருச்சிதைவு, வீட்டில் அடி. இதையெல்லாம் ஐந்தாம் வகுப்புப் பெண் கேட்டுச் சொல்ல வேண்டும். அம்மா மகளிடம் எதைச் சொல்வாள்? பாதியை விழுங்கிவிடுவாள். டாக்டர் அந்தப் பாதிக்கு மருந்து எழுதுவார்.

கணவன் கூட வந்தாலும் இதே கதைதான். பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டி போடவும், குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சை செய்யவும் ஒப்புதல் வாங்குகிறோம். கணவன் சொன்னபடி, தமிழில் அச்சடித்த தாளில் அவள் ரேகை வைக்கிறாள். எதற்கு ஒப்புக்கொண்டாள் என்று அவளுக்குத் தெரியுமா? "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் தலையாட்டுவாள். "என்ன சொன்னாலும் தலைய ஆட்டுதுங்க சிஸ்டர், ஆனா ஒன்னும் செய்ய மாட்டேங்குது" என்று வார்டு ஆயா சலித்துக்கொள்வார். புரியாதவர்கள்தான் அதிகம் தலையாட்டுவார்கள். மாத்திரையைக் கையில் கொடுத்து எப்போது, எத்தனை என்று செய்து காட்டச் சொல்ல வேண்டும். அப்போதுதான் தெரியும்.

இதைக் கேட்டுவிட்டு நர்ஸ்களைத் திட்டக் கிளம்பிவிடாதீர்கள். இரவு ட்யூட்டியில் ஒரே ஆளாக ஒரு வார்டு முழுவதையும் பார்ப்பவள், கை சாடையில் நான்கு முறை சொல்லியும் நடக்காதபோது குரல் உயர்த்துகிறாள். அது அவள் குணக்கேடு அல்ல, ஆள் பற்றாக்குறை. "அன்பாகப் பேசுங்கள்" என்று அரைநாள் பயிற்சி வகுப்பு நடத்தி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்புவதால் ஒன்றும் மாறாது. மொழி தெரியாமல் அன்பாகப் பேசினால் அன்பாகத்தான் புரியாமல் போகும்.

சரி, தலைமை என்னதான் செய்ய வேண்டும்?

முதலில், யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஓ.பி. சீட்டில் பெயர், வயது, பாலினம், முகவரி இருக்கிறது. என்ன மொழி பேசுவார் என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. அதனால் மாதக் கடைசியில் எவ்வளவு பேர் ஒடியா பேசுபவர்கள், எவ்வளவு பேர் வங்காளி பேசுபவர்கள் என்று கேட்டால் எந்த மருத்துவமனையாலும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் சேர்த்து "இந்திக்காரங்க" என்று ஒரே பெயர். ஜார்க்கண்டிலிருந்து வரும் சந்தால் பெண்ணுக்கு நம் ராணுவ வீட்டுச் சிஸ்டரின் இந்தியும் அரைகுறையாகத்தான் புரியும். மேற்கு ஒடிசா கிராமத்துக்காரருக்கும் அப்படித்தான்.

இரண்டாவது, மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் மொழிகளைக் கணக்கெடுக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதமும் முதுநிலை இடங்களில் 50 சதவீதமும் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றன. பிகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஹவுஸ் சர்ஜன்களும் பி.ஜி.க்களும் நம் வார்டுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ் தெரியாமல் தமிழ் நோயாளிகளிடம் திணறிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வார்டில் அவர்கள் மொழி பேசும் நோயாளி தமிழ் டாக்டரிடம் திணறிக்கொண்டிருப்பார். இரண்டு பேரையும் சந்திக்க வைக்க ஒரு பட்டியல் போதும். எந்த மொழிக்கு யார், எந்த ஷிப்டு, எந்த எண். அதைக் கேசுவால்டியிலும் பிரசவ அறையிலும் சுவரில் ஒட்ட வேண்டும். கூப்பிட்டதும் வருவதை அவர்கள் ட்யூட்டியில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் ஜபல்பூர் சிஸ்டர் கதையாகிவிடும். திருப்பூர், நாமக்கல், கிருஷ்ணகிரி, திருவள்ளூர் என்று தொழிலாளர் அதிகம் உள்ள மாவட்டங்களில் 2022-லேயே மருத்துவக் கல்லூரிகள் திறந்தாகிவிட்டன. பட்டியலுக்கு ஆள் இல்லை என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது, வருபவர்களின் ஊரையும் நாட்காட்டியையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும். பிகார் தொழிலாளிக்குத் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சத் பூஜை. அதற்கு ஊருக்குப் போகாமல் இருக்க மாட்டார். ரயிலில் கழிவறை ஓரம் நின்றாவது போவார். போனால் மூன்று வாரமாவது ஆகும், மாத்திரை நின்றுபோகும். நம் பதிவேட்டில் அவர் "தொடர் சிகிச்சைக்கு வராதவர்". ஐப்பசி பிறந்ததும் பிகார் நோயாளிகளைக் கூப்பிட்டு, ஊருக்குப் போகும் தேதி கேட்டு, மாத்திரையை முன்கூட்டியே கொடுத்து, அவர்கள் மாவட்டத்துக்கு காசநோய்ப் பதிவுக்கான நிக்சய் இணையதளத்தில் தகவல் மாற்றிவிடுகிற காசநோய் அலுவலர் இருந்தால் அந்தத் தொடர்ச்சி அறாது. சத் பூஜைக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒன்றரை நாள் விரதம் இருப்பார்கள். கர்ப்பிணிக்கும் சர்க்கரை நோயாளிக்கும் அதற்கு முன்பே ஆலோசனை சொல்லலாம். மேற்கு ஒடிசாவில் விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் நுவாகாய், புதுநெல் திருநாள். அது முடிந்த பிறகுதான் பலாங்கீர், நுவாபாடா பக்கத்துக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு வெளிமாநிலச் செங்கல் சூளைகளுக்குக் கிளம்புகின்றன. திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கும் அவர்கள் வருகிறார்கள். தடுப்பூசி முகாமை எந்த மாதம், எங்கே போடுவது என்பதற்கு இதைவிட நல்ல குறிப்பு வேண்டுமா?

ஊர் தெரிந்தால் நோயும் தெரியும். ஒடிசா, ஜார்க்கண்ட் காடுகளிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் முதலில் மலேரியா பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்துப் பையன் கை கால் மூட்டெல்லாம் வலி என்று துடித்துக்கொண்டு மாதம் ஒரு முறை வந்தால் அரிவாள் செல் ரத்தசோகையா என்று யோசிக்க வேண்டும். யோசிக்காவிட்டால் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். "வலி ஊசிக்குப் பழகிட்டான்" என்று ஒரு முத்திரை விழும். அதன்பிறகு அவன் என்ன சொன்னாலும் எடுபடாது.

இந்த இடத்தில் நம் மாநிலத்திலேயே உள்ள ஒரு முன்மாதிரியைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1952-ல், நீலகிரிப் பழங்குடிகளிடம். அதே நீலகிரியில், கூடலூரில், 1990-ல் தொடங்கிய அஸ்வினி அமைப்பு ஆதிவாசி மருத்துவமனை ஒன்றை நடத்துகிறது. பணியர், பெட்டக் குறும்பர், காட்டுநாயக்கர் என்று அங்கே வருபவர்களுக்குப் பேச்சும் வேறு, பழக்கமும் வேறு, பெரிய ஆஸ்பத்திரி என்றாலே பயம். அதற்கு அவர்கள் கண்ட வழி, அந்தச் சமூகப் பெண்களையே நர்ஸ்களாகவும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்து வேலைக்கு வைத்ததுதான். நோயாளி உள்ளே வந்ததும் தன் ஆள் ஒருத்தியைச் சீருடையில் பார்க்கிறார். பாதிப் பயம் அங்கேயே போய்விடுகிறது. அரிவாள் செல் நோயாளிகளை வருடக்கணக்கில் அவர்களால் தொடர்ந்து பார்க்க முடிவதற்கு மருந்து மட்டும் காரணமில்லை.

சமவெளி மருத்துவமனைகளுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. பத்து, பன்னிரண்டு வருடமாக இங்கே குடியிருந்து, தமிழ் நன்றாகப் பேசி, பிள்ளைகளை இங்கேயே படிக்க வைக்கும் ஒடியா, வங்காளிப் பெண்கள் தொழில் ஊர்களில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, ரகசியம் காப்பது எப்படி, சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது எப்படி என்று பயிற்சி கொடுத்து, சம்பளத்துக்கு வைக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது உள்ளூர்ப் பெண்களைத்தான் தன்னார்வலர்களாக எடுத்தோம். அந்தப் பெண்கள் ரத்த அழுத்தம் பார்க்க வீடு வீடாகப் போகிறார்கள். வெளிமாநிலத்தார் ரூம்களில் பகலில் பூட்டுதான் தொங்கும், ஆட்கள் ஷிப்டில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போய் அவர்கள் மொழியில் பேச ஒருத்தி இருந்தால் அந்தக் கதவும் திறக்கும்.

இது ஏதோ எனக்குத் தோன்றிய புதுமை அல்ல. பல மொழிக்காரர்கள் குடியேறிய அமெரிக்காவில் நோயாளியின் மொழிக்கும் பண்பாட்டுக்கும் ஏற்ற மருத்துவச் சேவைக்கென்று 2000-லேயே தேசிய நெறிகளை வகுத்தார்கள். 2013-ல் விரிவாக்கியபோது அவை 15 ஆயின. மொழி உதவி பற்றிய நெறிகளுக்கு முன்னாலேயே தலைமையும் பணியாளர்களும் பற்றிய நெறிகளை வைத்தார்கள். பயிற்சி இல்லாதவர்களையும் சிறுவர்களையும் மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அவற்றில் உண்டு. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லவில்லை. பொறுப்பு யாருடையது என்பதை எழுதிவைத்துவிட்டார்கள் என்கிறேன்.

வரப்போகும் எதிர்வாதங்கள் எனக்குத் தெரிந்தவைதான். "வந்த ஊர் மொழியை அவங்க கத்துக்கட்டுமே." கற்றுக்கொள்கிறார்கள். கடையிலும் பஸ்ஸிலும் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் ரயிலிலிருந்து இறங்கிய முதல் வாரத்தில் மெஷினில் கை போனவன் எப்போது கற்றுக்கொள்வான்? பிரசவ வலியில் யாருக்கும் தாய்மொழிதான் வரும். வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நம் ராமநாதபுரத்துப் பையனுக்கு ஒரு தமிழ் நர்ஸ் கிடைத்தால் நாம் சந்தோஷப்படுவோம். அவனிடம் போய் அரபி கற்றுக்கொள் என்று சொல்வோமா?

"இது இந்தியைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவரும் வேலை" என்பது அடுத்தது. மொழித் திணிப்பு என்பது அதிகாரத்தில் இருப்பவர் தன் மொழியை, இல்லாதவர்மேல் சுமத்துவது. வங்கியிலும் விமான நிலையத்திலும் தமிழில் பதில் வேண்டும் என்று நாம் கேட்பது அதனால்தான். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவரிடம் எந்த அதிகாரமும் இல்லை, அங்கே அதிகாரம் நம்மிடம் இருக்கிறது. தவிர, நான் கேட்பதில் ஒடியா, வங்காளி, சந்தாலி எல்லாம் உண்டு. நம் மலைகளில் பேசும் பழங்குடி மொழிகளும், காது கேளாதவர்களின் சைகை மொழியும் உண்டு.

மூன்றாவது, பணம் இல்லை என்பது. சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவர் என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021 டிசம்பரில் கொண்டுவந்த மாநிலம் இது. 2023 மார்ச்சில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வதந்தி பரவியபோது, சில நாட்களிலேயே இந்தியில் அறிவிப்புகள் வந்தன, உதவி எண்கள் வந்தன. தொழிலாளர்கள் ஊரைக் காலி செய்துவிடுவார்களோ என்று பயந்தபோது அவர்கள் மொழி நமக்கு வந்தது. காய்ச்சலில் கிடக்கும்போதும் வரவேண்டும். இருமொழிப் பெண்கள் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்க நோயாளர் நலச் சங்க நிதியில் இடமிருக்கும். திருப்பூரிலும் கோவையிலும் தொழில்முனைவோர் சங்கங்களிடம் கேட்டாலும் கிடைக்கும். இரவு நேரத்துக்கு 104 உதவி எண்ணில் ஒடியா, வங்காளி, இந்தி தெரிந்தவர்களை உட்கார வைத்தால் மாநிலம் முழுமைக்கும் ஆகும்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. ஓ.பி. சீட்டிலும் கேஸ் ஷீட்டிலும் மொழிக்கு ஒரு கட்டம். கேசுவால்டியிலும் பிரசவ அறையிலும் ஷிப்டு வாரியாக மொழிப் பட்டியல். விபத்துப் பதிவேட்டுக்கும் ஒப்புதல் தாளுக்கும் காண்ட்ராக்டரோ பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையோ மொழிபெயர்க்கக் கூடாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு. கடைசியாக, சொல்லாமல் வார்டை விட்டுப் போனவர்கள், டாக்டர் சொல் மீறிக் கிளம்பியவர்கள் பட்டியலை மாதாமாதம் மொழிவாரியாகப் பிரித்து ஆட்சியர் முன் வைப்பது. அந்தப் பட்டியலில் எந்த மொழிக்காரர்கள் மிகுதியோ, அவர்களிடம்தான் நாம் பேசத் தவறியிருக்கிறோம்.

மாவட்ட ஆட்சியர்கள் இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த மாவட்ட நலச் சங்கக் கூட்டத்தில் ஒவ்வொரு மருத்துவமனைப் பொறுப்பாளரிடமும் ஒரே கேள்வி கேட்டால் போதும்: "இன்னைக்கு ராத்திரி உங்க பிரசவ வார்டுல ஒடியா பேசத் தெரிஞ்சவங்க யாரு? பேரைச் சொல்லுங்க." பெயர் சொல்ல முடியாதவர் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பட்டியலோடு வரட்டும்.

(கட்டுரையாளர் ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் கண்காணிப்பாளர்)